தென்னந்தோப்பில் ஹேக்கர் முகாம்: இடம் பார்ப்பதிலிருந்து கூடாரம் பிரிப்பது வரை

எங்களுக்குத் தோப்பு கொடுத்த அண்ணன் முதலில் கேட்டது இதுதான்: "ஏனுங் தம்பி, ஆக்கர்னா பேங்க்ல இருந்து காசு எடுக்கறவங்கதானுங்க?" இல்லைங்கண்ணா, பழைய ரேடியோவைப் பிரித்துப் போட்டு அதை வேறு ஏதோ ஒன்றாக மாற்றிக் கட்டுகிறவர்கள் என்று சொன்னோம். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப நம்ம மோட்டார் ஸ்டார்ட்டரப் பாக்கத் தெரியுமுங்களா?" என்றார். திறந்து பார்த்தோம், உள்ளே மோட்டாருக்குக் கரண்ட் விடும் சுவிட்சான கான்டாக்டர் கரிந்து போயிருந்தது, மாற்றிக் கொடுத்தோம். தோப்பு கிடைத்தது.

தமிழ்நாட்டிலிருந்து எல்லையில் இருக்கும் வேலந்தாவளம் செக்போஸ்ட் தாண்டி, கொழிஞ்சாம்பாறைக்குப் போகும் வழியில் இருக்கிறது அந்தத் தோப்பு. பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா. பேப்பரில் கேரளா, டீக்கடையில் தமிழ். அங்கே வருஷா வருஷம் கோடையில் 60 பேர், 3 இரவு தங்குகிற மாதிரி ஒரு முகாம் போடுகிறோம். எங்கள் ஊரிலும் போட வேண்டும், எப்படி ஆரம்பிப்பது என்று நிறையப் பேர் கேட்கிறார்கள், அதனால் முழுசாக எழுதிவிடுகிறேன்.

யோசனை எங்களுடையது இல்லை. ஜெர்மனியில் கேயாஸ் கம்யூனிகேஷன் கேம்ப் என்ற ஹேக்கர் முகாம் 1999 முதல் 4 வருஷத்துக்கு ஒருமுறை நடக்கிறது. நெதர்லாந்துக்காரர்கள் 1993-லேயே திறந்தவெளியில் கூடாரம் போட்டுவிட்டார்கள். டென்மார்க்கில் போர்ன்ஹேக் 2016-லிருந்து வருஷந்தோறும் நடக்கிறது. இங்கிலாந்தில் 2012-ல் தொடங்கிய எலக்ட்ரோமேக்னடிக் ஃபீல்ட் இருக்கிறது. பெரிய முகாம்களுக்கு ஆயிரக்கணக்கில் கூட்டம் வரும். அங்கிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது கூட்டத்தை அல்ல, ஒரு பழக்கத்தை. டிக்கெட் வாங்கி வருகிறவர்களே பாத்திரமும் கழுவுவார்கள், கேபிளும் இழுப்பார்கள், ராத்திரி காவலும் நிற்பார்கள். ஜெர்மன்காரர்கள் இப்படி வேலை செய்கிறவர்களை ஏஞ்சல் என்பார்கள். நாங்கள் பேரெல்லாம் வைக்கவில்லை, ஆளுக்கு 4 மணி நேர வேலை, அவ்வளவுதான். முதல் வருஷம் இதைச் சொல்லாமல் விட்டதால் 50 பேர் விருந்தாளியாக உட்கார, 6 பேர் முதுகு ஒடிந்தோம்.

முதலில் இடம்

மூன்று விஷயம் பாருங்கள்: நிழல், தண்ணீர், இடி விழுந்தால் ஓடி ஒதுங்க ஒரு கான்கிரீட் கட்டடம். மூன்றாவதை எல்லோரும் மறப்பார்கள். எங்கள் பக்கம் ஏப்ரல், மே மாதங்களில் மதியம் மூன்று, நான்கு மணிக்கு மேல் திடீரென்று இருட்டிக்கொண்டு கோடை மழை வரும், இடியோடுதான் வரும். உயரமான தென்னைக்குக் கீழே துணிக்கூடாரத்தில் அலுமினியக் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்பதைவிட மோசமான இடம் கிடையாது. மின்னலுக்கும் சத்தத்துக்கும் நடுவில் 30 எண்ணுவதற்குள் இடி கேட்டால் எல்லோரும் கட்டடத்துக்குள், கடைசி இடி கேட்டு 30 நிமிஷம் கழித்துத்தான் வெளியே. இதில் பேரம் பேசக்கூடாது.

தோப்பு என்றால் இன்னொன்று, தேங்காய். ஒரு காய் தலையில் விழுந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. முகாமுக்கு ஒரு வாரம் முன்னால் காய் பறிப்பு வருகிற மாதிரி தோப்புக்காரரிடம் பேசி வையுங்கள், காய்ந்த மட்டையையும் பாளையையும் சேர்த்து இறக்கிவிடச் சொல்லுங்கள், ஏறுகிறவருக்குத் தனியாகக் கொஞ்சம் கொடுங்கள். அப்படியும் கூடாரத்தை மரத்தடியில் அடிக்காதீர்கள், நான்கு மரத்துக்கு நடுவில் அடியுங்கள். 25 அடி இடைவெளி விட்டு நட்ட தோப்பில் அதற்குத் தாராளமாக இடம் இருக்கும்.

மண்ணையும் பாருங்கள். கேரளாவில் கரிசல் மண் இருக்கிற ஒரே இடம் எங்கள் சித்தூர் தாலுகாதான். காய்ந்திருக்கும்போது வெடித்துப் பாளம் பாளமாக இருக்கும், கூடார முளை இறங்காது, கடப்பாரையால் ஓட்டை போட வேண்டும். ஒரு மழை பெய்தால் அதே மண் களியாகிவிடும். ஜெனரேட்டர் ஏற்றி வந்த வண்டி ஒருமுறை அச்சு வரை இறங்கி, டிராக்டர் வைத்து இழுத்தோம். வண்டி எதுவும் தார் ரோட்டையோ காய் உலர்த்தும் களத்தையோ விட்டு இறங்கக்கூடாது என்று அன்றைக்கு முடிவு செய்தோம்.

தேதியும் நேரமும்

காலேஜ் லீவு விட வேண்டும், பருவமழை வந்துவிடக்கூடாது. கேரளாவில் தென்மேற்குப் பருவமழை வழக்கமாக ஜூன் 1 வாக்கில் தொடங்கும், ஆகவே மே இரண்டாம் வாரத்துக்கு மேல் தள்ளாதீர்கள். வெயில் 40 டிகிரியைத் தொடும், அதற்கேற்ப நாளை மாற்றிக்கொள்ள வேண்டியதுதான். காலை ஐந்தரைக்கே பட்டறை தொடங்கும், பதினொன்றுக்கு முடிந்துவிடும். மாலை நான்கு வரை எதுவும் கிடையாது, கயிற்றுக்கட்டில், இளநீர், நன்னாரி சர்பத். அப்புறம் நள்ளிரவு வரை. எல்லா முகாமும் ராத்திரியில்தான் உயிர் பெறும் என்பதால் இதில் யாருக்கும் நஷ்டமில்லை.

அனுமதி

பஞ்சாயத்துக்கும் போலீஸ் ஸ்டேஷனுக்கும் கடிதம் கொடுங்கள். கடிதத்தில் ஹேக்கர் என்ற சொல்லை எழுதாதீர்கள். மின்னணுப் பயிற்சி முகாம் என்று எழுதினால் கையெழுத்தும் ஒரு புன்னகையும் கிடைக்கும். மலையாளத்தில் எழுதிக் கொடுத்தால் இன்னும் சீக்கிரம் நகரும். இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கிடையாது, அது நாடு முழுக்க இருக்கிற சட்டம்.

உள்ளே வருகிறவர்களுக்கும் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். அடுத்தவர் கணினிக்குள் அனுமதி இல்லாமல், மோசடி எண்ணத்தோடு நுழைவது 2000-ம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66-ம் பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறை, அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். முகாமில் விளையாட என்றே ஐந்தாறு பழைய கணினிகளைத் தனி நெட்வொர்க்கில் வைத்துவிடுவோம். அவற்றின் பூட்டை உடைத்து உள்ளே நுழைந்து பார்க்கலாம். பக்கத்துக் கூடாரத்து லேப்டாப்பைத் தொட்டால் வேலந்தாவளம் வரை கொண்டுபோய்ப் பஸ் ஏற்றி விடுவோம்.

கரண்ட்

இங்கே நிதானமாகப் படியுங்கள். இது சரியாக இருந்தால் மீதியை வந்தவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

தோப்பில் மோட்டாருக்கு மூன்று ஃபேஸ் இருக்கும், அதைத் தொடாதீர்கள். விவசாய இணைப்பு விவசாயத்துக்கு மட்டும்தான், மாட்டினால் தோப்புக்காரருக்குத்தான் தலைவலி. கேரள மின்வாரியமான கே.எஸ்.இ.பி. செக்‌ஷன் ஆபீஸில் தற்காலிக இணைப்பு கேளுங்கள், இல்லாவிட்டால் ஜெனரேட்டர்.

எவ்வளவு வேண்டும் என்று ஒரு தாளில் கூட்டிப் பாருங்கள். எங்கள் கணக்கு: லேப்டாப் 60, ஒன்றுக்கு 65 வாட் என்றால் 3,900. ஈயம் உருக்கிப் பற்றவைக்கும் சால்டரிங் அயர்ன் 12, தலா 60, அது 720. ஃபேன் 12, அதுவும் 720. 9 வாட் எல்.இ.டி. பல்பு 20, 180. இரண்டு முப்பரிமாண பிரிண்டர் 500, சூடான காற்றில் ஈயம் உருக்கும் ஹாட் ஏர் கருவி ஒன்று 700, ஒரு கெட்டில் 1,500. மொத்தம் 8,220 வாட். ஜெனரேட்டரில் எழுதியிருக்கும் கே.வி.ஏ. கணக்கை 0.8-ஆல் பெருக்கினால்தான் கிலோவாட் வரும். 10 கே.வி.ஏ. என்றால் 8 கிலோவாட், இழுத்துப் பிடித்தாலும் போதாது. 15 கே.வி.ஏ. எடுத்தால் 12 கிலோவாட், மூச்சு விட இடம் இருக்கும். முதல் வருஷம் நாங்கள் 10 எடுத்தோம். சாயங்காலம் ஆறரைக்கு யாரோ இரண்டாவது கெட்டிலைச் சொருகினார், தோப்பே இருட்டானது. அந்த இருட்டில் ஒருவர் கையில் 350 டிகிரியில் இருந்த அயர்னை வைக்க ஸ்டாண்டைத் தேடியதை இப்போது நினைத்தாலும் வியர்க்கிறது.

அதற்காக 40 கே.வி.ஏ. பிடிக்காதீர்கள். ரொம்பக் குறைந்த லோடில் டீசல் எஞ்சின் ஓடினால் எரியாத டீசலும் கரியும் உள்ளேயே படியும். ராத்திரி இரண்டு மணிக்கு மேல் ஜெனரேட்டரை நிறுத்திவிட்டு, விளக்கையும் நெட்வொர்க்கையும் மட்டும் இன்வெர்ட்டருக்கு மாற்றுகிறோம். 12 வோல்ட், 150 ஆம்பியர் ஹவர் பேட்டரி இரண்டில் பாதிக்குக் கொஞ்சம் மேல் பயன்படுத்தினாலே 280 வாட் லோடை 6 மணி நேரம் தாங்கும். சத்தமும் நிற்கும், தூங்குகிறவர்கள் வாழ்த்துவார்கள்.

அடுத்தது ஒயர். 60 மீட்டர் தூரத்துக்கு 10 ஆம்பியர் கொண்டுபோக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். போக வர 120 மீட்டர் செம்பு. 1 சதுர மில்லிமீட்டர் ஒயரில் இழுத்தால் வழியிலேயே 21 வோல்ட்டுக்கு மேல் விழும், இருநூறு வாட்டுக்கு மேல் ஒயரைச் சூடாக்குவதில் போகும். அதே தூரம் 2.5 சதுர மில்லிமீட்டர் என்றால் 9 வோல்ட்தான் விழும். விலை வித்தியாசத்தைப் பார்க்காதீர்கள். அப்புறம் ஒயர் உருளையை முழுசாக அவிழ்த்துவிட்டுத்தான் லோடு கொடுக்க வேண்டும். சுற்றியபடியே விட்டால் சூடு வெளியே போகாது. எங்களுடையது ஒன்று இரண்டாம் நாள் மதியம் உருகி ஒரே கட்டியானது. முதலில் வந்தது மீன் கருகும் மாதிரி ஒரு நாற்றம், எல்லோரும் சமையல் மாஸ்டரைப் பார்த்தோம், அவர் எங்களைப் பார்த்தார்.

ஒவ்வொரு கிளைக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கட்டாயம், கரண்ட் கசிந்தால் தானாக விழுந்து இணைப்பைத் துண்டிக்கிற சுவிட்ச் அது. இங்கே ஒரு குழி இருக்கிறது. வாடகை ஜெனரேட்டரின் நியூட்ரல் பெரும்பாலும் எர்த்தோடு சேராமல் சும்மா மிதந்துகொண்டிருக்கும். அப்படி இருந்தால் ஆள் ஒயரைத் தொட்டாலும் ஆர்.சி.சி.பி. விழாது. ஆனால் டெஸ்ட் பட்டனை அமுக்கினால் மட்டும் ஜம்மென்று விழும், ஏனென்றால் அந்தப் பட்டனுக்கு எர்த் தேவையே இல்லை. பட்டன் வேலை செய்கிறது என்று நம்பி விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். லைசென்ஸ் உள்ள ஒயர்மேனைக் கூப்பிட்டு எர்த் கம்பி அடித்து நியூட்ரலை அதோடு சேர்த்து, பிறகு உண்மையிலேயே விழுகிறதா என்று கருவி வைத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். கோடையில் வெடித்துக் கிடக்கும் கரிசலில் எர்த் பிடிக்காது, கம்பியைச் சுற்றிக் காலையும் மாலையும் இரண்டு குடம் தண்ணீர் ஊற்ற ஒருவரை நியமியுங்கள். எங்கள் வேலைப் பட்டியலில் 'எர்த்துக்குத் தண்ணி' என்று தனியாக ஒரு வரியே உண்டு.

ஜெனரேட்டரை எல்லைக்கு எந்தப் பக்கம் முகாமோ அந்தப் பக்கத்திலேயே வாடகைக்கு எடுங்கள். கோயம்புத்தூர்ப் பக்கம் மலிவாகக் கிடைத்தது என்று ஒருமுறை எடுத்தோம். வண்டிக்குத் தமிழ்நாட்டுக்குள் ஓட மட்டும்தான் பெர்மிட், கேரளாவுக்குள் வரத் தற்காலிக பெர்மிட் போட்டிருக்க வேண்டும், போடவில்லை. மிச்சம் பிடித்த காசு ஒரு ராத்திரியிலேயே போனது.

நெட்வொர்க்

தோப்பில் அளவுநாடா வேண்டாம், மரத்தை எண்ணினால் போதும். ஒரு இடைவெளி ஏழரை மீட்டர். ஈதர்நெட் கேபிள் 100 மீட்டர் வரைதான், அதாவது 13 இடைவெளி, சுற்றி வளைந்து போவதைக் கழித்தால் 11. அதற்கு மேல் தூரம் என்றால் ஃபைபர். இடிக்கும் அதுதான் நல்லது, கண்ணாடி இழையில் மின்னல் ஏறாது. உள்ளூர்க் கேபிள் டிவிக்காரரைப் பிடித்தால் வீடுகளுக்கு இழுக்கும் ஃபைபரை மீட்டர் கணக்கில் தருவார், நுனியையும் ஒட்டிக் கொடுப்பார்.

இன்டர்நெட்டுக்குப் பக்கத்தில் ஃபைபர் இணைப்பு இருக்கும் வீடு ஒன்றைப் பாருங்கள். அங்கிருந்து 5 கிகாஹெர்ட்ஸில் இரண்டு ஆன்டெனாவை எதிரெதிரே வைத்துக் கொண்டுவரலாம். மரத்துக்கு மேலே கம்பம் நடப் பார்க்காதீர்கள், ஓலைக்குக் கீழே இரண்டு வரிசைக்கு நடுவில் சந்து மாதிரி நேராகத் தெரியும், அதன் வழியே அடியுங்கள். நடுவில் யாரும் ஈரத்துணி காயப்போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், நடந்த கதை இது.

ஜெர்மன் முகாமில் கேபிள்களைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டிகளான நெட்வொர்க் ஸ்விட்சுகளை நடமாடும் கழிப்பறைக் கூண்டுக்குள் வைப்பார்கள். டாட்டன்க்ளோ, அதாவது டேட்டா கழிப்பறை, என்று அதற்குப் பேர்கூட உண்டு. மழை நனையாது, பூட்டலாம், எங்கேயும் கிடைக்கும். நாங்கள் நீல பிளாஸ்டிக் டிரம்மைப் படுக்கவைத்து, அடியில் இரண்டு செங்கல், மேலே தென்னை ஓலை. டிரம்முக்கு நிழல் இல்லாவிட்டால் உள்ளே ஸ்விட்ச் வெந்துவிடும்.

போனை நம்பாதீர்கள். எல்லையில் தோப்பின் இந்த மூலையில் கேரளா டவர், அந்த மூலையில் தமிழ்நாடு டவர், ஒன்றுக்குப் போனால்கூட வழியில் வரவேற்பு மெசேஜ் வரும். சிரிப்பதற்கில்லை, 108-க்குப் போட்டால் டவரைப் பொறுத்து அடுத்த மாநிலத்துக் கன்ட்ரோல் ரூம் எடுக்கலாம். பக்கத்து ஊர் ஆம்புலன்ஸ் டிரைவர் நம்பரை அட்டையில் எழுதி நாலு மரத்தில் கட்டுங்கள். பாம்புக்கடிக்கு விஷமுறிவு மருந்து எந்த அரசு ஆஸ்பத்திரியில் இருக்கிறது என்பதையும் போய்க் கேட்டு அதே அட்டையில் எழுதுங்கள். ராத்திரி டார்ச் இல்லாமல் யாரும் நடக்கக்கூடாது.

ரேடியோ

கொஞ்ச மின்சாரத்தில் ரொம்ப தூரம் சின்னச் சின்னத் தகவல் அனுப்பும் லோரா ரேடியோ கருவிகளை வெளிநாட்டிலிருந்து வாங்கி அப்படியே ஓடவிடாதீர்கள். ஐரோப்பிய அமைப்பில் 868 மெகாஹெர்ட்ஸைத் தாண்டியும் போகும். இந்தியாவுக்கு 865 முதல் 868 வரை என்று மாற்றிவிட்டுத்தான் ஆன் செய்ய வேண்டும். பொழுதுபோக்காக வானொலியில் பேசிக்கொள்ளும் ஹாம் ரேடியோவுக்கு லைசென்ஸ் உள்ளவர் கூடவே இருக்க வேண்டும். கோவையிலிருந்து ஒரு பெரியவர் வருவார், அவர் கையில் மைக் இருக்கும்போது சுற்றிலும் பத்துப் பையன்கள் வாயைத் திறந்துகொண்டு நிற்பார்கள். 7.1 மெகாஹெர்ட்ஸுக்கான டைபோல் என்ற கம்பி ஆன்டெனாவுக்கு மொத்தம் 20 மீட்டர் கம்பி, மூன்று இடைவெளி விட்டு இரண்டு மரத்தில் கட்டினால் கச்சிதம். தென்னைகள் இதற்காகவே நட்ட மாதிரி இருக்கும்.

பட்டறை மேசை

கல்யாண மண்டபத்து மடக்கு மேசை போதும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று சாயங்காலம் எழும்பினால் அயர்ன் நுனி ஆறிப்போய் ஈயம் உருகாமல் உருண்டை உருண்டையாக நிற்கும். மேசையின் மூன்று பக்கமும் அட்டை வைத்து மறைத்தால் சரியாகிவிடும். 60/40 சால்டரில் 40 பங்கு ஈயம், அதைத் தொட்ட கையோடு முறுக்கை எடுக்காதீர்கள், மேசைக்குப் பக்கத்திலேயே சோப்பும் குடமும் வையுங்கள். சின்னப் பிள்ளைகள் உட்காரும் மேசைக்கு ஈயம் கலக்காத சால்டர் வாங்குங்கள், உருக்குவது கொஞ்சம் கஷ்டம், பரவாயில்லை.

வெளிநாட்டு முகாம்களில் நுழையும்போதே கழுத்தில் மாட்ட ஒரு சர்க்யூட் அட்டை கொடுப்பார்கள். அதுவே அங்கே பாதிப் பெருமை. 2015 ஜெர்மன் முகாமின் அட்டை ஒரு முழு மென்பொருள் ரேடியோவாகவே இருந்தது. அந்த ஆசை முதல் வருஷத்தில் வேண்டாம். வெளிநாட்டில் செய்யக் கொடுத்த போர்டு கஸ்டம்ஸில் மாட்டிக்கொண்டு முகாம் முடிந்து வந்து சேரும். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் 60 பேருக்கும் பாகங்களை மொத்தமாக வாங்கி, ஆளுக்கொரு பொட்டலம் கட்டிக் கொடுங்கள், அவரவர் அட்டையை அவரவரே கட்டட்டும்.

லித்தியம் பேட்டரியைப் பற்றி மட்டும் கெடுபிடியாக இருங்கள். 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யக்கூடாது. மே மாத மதியம் மூடிய கூடாரத்துக்குள் அதைத் தாண்டிவிடும், காருக்குள் கேட்கவே வேண்டாம். எல்லாப் பேட்டரியும் மோட்டார் ரூமில் ஒரே மேசையில், பக்கத்தில் மணல் வாளி, முன்னால் விழித்திருக்கும் ஒரு ஆள்.

சாப்பாடு

உள்ளூர்ச் சமையல் மாஸ்டரிடம் விட்டுவிடுங்கள். மட்டை அரிசியா பொன்னியா என்ற சண்டை முதல் நாளே வரும், இரண்டும் வடிக்கச் சொல்லிவிடுங்கள். ஒருநாள் காலைக்கு ராமசேரி இட்லி சொல்லி வையுங்கள், தட்டையாக, தோசைக்கும் இட்லிக்கும் நடுவில், மாலை வரை கெடாது. குடிக்க ஆளுக்கு நாளுக்கு 4 லிட்டர், 60 பேருக்கு 240. கழிப்பறை 15 பேருக்கு ஒன்றாவது வேண்டும். கள்ளுக்கடை எல்லைக்கு இந்தப் பக்கம் உண்டு, அந்தப் பக்கம் தடை, அதற்காகவே சிலர் வர ஆசைப்படுவார்கள். குடித்தவர் மின்சாரப் பக்கமோ சால்டர் மேசைக்கோ வரக்கூடாது, வாக்குவாதம் இல்லை.

பிரிப்பது

போடுவதற்கு இரண்டு நாள் என்றால் பிரிப்பதற்கும் இரண்டு நாள் வையுங்கள், அதற்கு 10 பேரை முன்பே பேர் சொல்லிக் குறித்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஞாயிறு மதியம் எல்லோருக்கும் பஸ் இருக்கும். தோப்பில் மாடு மேயும். நறுக்கிய ஒயர்த்துண்டும் கேபிள் கட்டும் பிளாஸ்டிக் டையும் அதன் வயிற்றுக்குள் போகக்கூடாது. பழைய ஸ்பீக்கர் காந்தத்தைக் கயிற்றில் கட்டித் தரையோடு இழுத்துக்கொண்டு ஒருவர், பின்னாலேயே சாக்கோடு ஒருவர், ஒவ்வொரு வரிசையாக நடக்க வேண்டும். செம்பும் பிளாஸ்டிக்கும் காந்தத்தில் ஒட்டாது, அதைக் கண்ணால்தான் பொறுக்க வேண்டும். மரத்தில் சுற்றிய கயிறு, அடித்த ஆணி எல்லாவற்றையும் எடுத்தீர்களா என்று தோப்புக்காரரையே கூட்டிப்போய்க் காட்டுங்கள்.

போன வருஷம் அப்படி நடந்தபோது பதினேழாவது வரிசையில் அண்ணன் நின்று மேலே பார்த்தார். டைபோல் கம்பி ஒரு முனை இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. இறக்கட்டுமா என்று கேட்டேன். "அது இருக்கட்டுமுங் தம்பி, அடுத்த வருசம் மறுபடி ஏற ஆளுக்குக் கூலி யாரு குடுக்கறது?" என்றார்.